பாவித்த பிக்கப் வண்டியில் உள்ள எஞ்சின் எது?

மரக்கறிச் செய்கையாளருக்கும் நெற்செய்கையாளருக்கும் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருப்பது இன்று ஆடம்பரமன்று. கத்தரி, தக்காளி, போஞ்சி முதலியவற்றைப் பறித்த அன்றே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ அயலிலுள்ள சந்தைக்கோ கொண்டு சேர்த்தாற்றான் தக்க விலை கிடைக்கும். வாடகை லொறி வரும்வரை வரம்பிற் குவித்து வைத்த தக்காளிக்கு நல்ல விலை கிடைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆதலாற் பெரும்போக அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் கமக்காரர் பலர் பாவித்த வண்டி ஒன்றைத் தேடிப் புறப்படுகின்றனர்.

அவ்வாறு புறப்படுவோர் ரயரைப் பார்க்கின்றனர். பெட்டியின் அடித்தகட்டிற் கறள் பிடித்திருக்கின்றதா என்று தட்டிப் பார்க்கின்றனர். எஞ்சினை முடுக்கிப் புகையின் நிறத்தையும் பார்க்கின்றனர். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் அந்த வண்டியில் இப்பொழுது பூட்டப்பட்டிருப்பது எந்த எஞ்சின் என்பதை உறுதிப்படுத்திக் கொள்வோர் மிகச் சிலர். விற்பவர் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்டோர் பாவனைக்குரிய வாகனங்களை இறக்குமதி செய்ய 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளின் விலை மிக உயர்ந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டி ஒன்றிற் பிறந்தநாள் தொட்டு அதே எஞ்சின் இருக்குமென்று எவரும் எதிர்பார்த்தல் கூடாது. வண்டியின் உடலைக் காட்டிலும் எஞ்சின் முன்னரே தேயும். தேய்ந்ததைத் திருத்துவதிலும் பார்க்க வேறொன்றை வாங்கிப் பூட்டுவது பல வேளைகளில் மலிவாயும் இருக்கும். எனவே எஞ்சின் மாற்றப்பட்டிருத்தல் குற்றமன்று. மாற்றப்பட்டது தெரியாமல் வாங்குவதே நட்டம். சந்தை நாளன்று வண்டி படுத்துவிட, புத்தகத்திற் கண்ட எஞ்சினுக்குரிய பிஸ்ரனை வாங்கி வந்து, அது சிலிண்டருக்குப் பொருந்தாமையால் மறுபடியும் கடைக்கு ஓடுபவருக்கு இது விளங்கும். உரிமை மாற்றம் செய்யச் சென்ற இடத்தில், புத்தகத்தில் ஓர் இலக்கமும் எஞ்சினில் வேறோர் இலக்கமும் இருக்கக் கண்டு திகைப்பவருக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

மூன்று சாட்சிகள்

வண்டி ஒன்றின் எஞ்சினைப் பற்றிச் சொல்லக்கூடிய சாட்சிகள் மூன்று உண்டு. முதலாவது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கிய பதிவுச் சான்றிதழ். இதனைப் ‘புத்தகம்’ என்றே நாம் அழைத்துப் பழகிவிட்டோம். எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், சிலிண்டர்க் கொள்ளளவு, எரிபொருளின் வகை ஆகியன இதிற் காணப்படும். இரண்டாவது, எஞ்சின் மூடியைத் திறந்தால் தெரியும் தயாரிப்பாளரின் தகடு. மூன்றாவது, எஞ்சினின் வார்ப்புக் கட்டையிலே அடிக்கப்பட்டுள்ள இலக்கம்.

இம்மூன்றும் ஒரே காலத்தைப் பற்றிப் பேசுவனவல்ல. தகடு, வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலே எந்த எஞ்சின் இருந்ததென்பதைச் சொல்லும். புத்தகம், கடைசியாகத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட்ட எஞ்சின் எதுவென்பதைச் சொல்லும். கட்டை மாத்திரமே இன்று உள்ளதைச் சொல்லும். தகட்டைக் காட்டி “இதோ, கம்பனி எஞ்சின்” என்று ஒருவர் சொன்னால், அவர் அறியாமையால் அவ்வாறு சொல்கின்றாரா, வேறு நோக்கத்தோடு சொல்கின்றாரா என்று ஆராய்ந்து கொண்டிராமற் கட்டையைப் பாருங்கள்.

தகட்டினாலும் பயனில்லாமலில்லை. ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் தகட்டில் ‘எல்.என்.106’ என்று தொடங்கும் மாதிரிக் குறியீடு இருக்குமாயின், முதலெழுத்தாகிய ‘எல்’ அவ்வண்டி ‘எல்’ வகை டீசல் எஞ்சினுடன் செய்யப்பட்டதென்பதையும், ‘என்’ அது ஹைலக்ஸ் வரிசையைச் சேர்ந்ததென்பதையும் காட்டும். ‘ஆர்.என்.’ என்றோ ‘வை.என்.’ என்றோ தொடங்கினால் அது பெற்றோல் எஞ்சினுடன் பிறந்த வண்டி. அத்தகைய வண்டியில் இப்பொழுது டீசல் எஞ்சின் ஓடுமாயின், எஞ்சின் மாற்றப்பட்டதென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அப்பொழுது நீங்கள் கேட்கவேண்டிய வினா ஒன்றே: மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்கின்றதா?

பெயரில் உள்ள எண் எதனைக் குறிக்கும்?

விற்பனைப் பேச்சில் மிகுந்த மயக்கம் விளைவது இவ்விடத்திலேயே. “மூன்று எல்” என்று ஒருவர் சொல்ல, அதனை மூன்று லீற்றர் என்று விளங்கிக் கொள்பவர் பலர். ரொயோட்டாவின் ‘3எல்’ எஞ்சின் மூன்று லீற்றர் அன்று. அதன் கொள்ளளவு 2779 கன சென்ரிமீற்றர் ஆகும். ‘2எல்’ இரண்டு லீற்றரும் அன்று. அது 2446 கன சென்ரிமீற்றர். ஏறத்தாழ மூன்று லீற்றராக உள்ளது ‘5எல்’ என்பதே, அது 2986. எழுத்து எஞ்சினின் குடும்பத்தைக் காட்டும், முன்னுள்ள எண், அக்குடும்பத்தில் அது எத்தனையாவது பிள்ளை என்பதைக் காட்டும், அவ்வளவே. எண் பெரிதானால் எஞ்சினும் பெரிதென்று கொள்ளவும் முடியாது. பிந்திய ஹைலக்ஸ் வண்டிகளில் வந்த ‘1கே.டி.’ எஞ்சின் 2982 கன சென்ரிமீற்றரும், ‘2கே.டி.’ எஞ்சின் 2494 கன சென்ரிமீற்றரும் கொண்டவை. இங்கே ஒன்று பெரிது, இரண்டு சிறிது.

நிசான் கம்பனியின் வழக்கம் வேறு. ‘ரீ.டி.27’ என்பதில் 27 என்னும் எண் 2.7 லீற்றர் என்பதையே குறிக்கின்றது. நுட்பமாகச் சொன்னால் 2663 கன சென்ரிமீற்றர். ‘ரீ.டி.25’ என்பது 2494. மிற்சுபிசி எல்.200 வண்டியில் வரும் ‘4டி56’ என்பதில் 4 நான்கு சிலிண்டரையும், ‘டி’ டீசலையும் குறிக்கும். 56 என்பதற்கும் கொள்ளளவுக்கும் தொடர்பில்லை. அதன் கொள்ளளவு 2477. இஸுசு வண்டிகளில் உள்ள ‘4ஜே.ஏ.1’ 2499 ஆகவும், ‘4ஜே.பி.1’ 2771 ஆகவும் இருக்கும். நடுவிலுள்ள ஒரேயோர் எழுத்திலே கால் லீற்றருக்கு மேற்பட்ட வேறுபாடு அடங்கியுள்ளது. அழுக்கேறிய கட்டையில் அந்த எழுத்தை அவசரத்தில் வாசித்தல் ஆகாது.

எனவே விற்பவர் சொல்லும் பெயரையும், புத்தகத்திலுள்ள கொள்ளளவையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். 3எல் என்று சொல்லப்படும் வண்டியின் புத்தகத்தில் 2446 என்று இருந்தால், பேச்சிலோ புத்தகத்திலோ பிழையுண்டு. இதனைக் கண்டுபிடிக்க வண்டியின் அருகே போகவும் தேவையில்லை. புத்தகத்தின் பிரதியொன்றை முன்னரே கேட்டு வாங்கி, வீட்டில் ஆறுதலாக இருந்து பார்த்துக் கொள்ளலாம்.

கட்டையில் உள்ள இலக்கத்தைத் தேடுதல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்திற் செல்லுங்கள். காலை வேளை சிறந்தது. குளிர்ந்த எஞ்சின் எவ்வாறு முடுக்கம் கொள்கின்றதென்பதையும் அப்பொழுதே பார்த்துக்கொள்ளலாம். கைவிளக்கு ஒன்று, பழந்துணி, சிறிது மண்ணெண்ணெய், மென்மையான கம்பித் தூரிகை, சிறு கண்ணாடி ஒன்று ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். அரத்தாளும் அரமும் வேண்டாம். அவற்றால் நீங்களே இலக்கத்தைத் தேய்த்துவிட்டால், நாளை உங்களையே சந்தேகிப்பர்.

இலக்கம் அடிக்கப்பட்ட இடம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். பெரும்பாலும் அது சிலிண்டர்க் கட்டையின் பக்கத்தில், தலையும் கட்டையும் பொருந்தும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, சீவித் தட்டையாக்கப்பட்ட ஒரு சிறு மேடையில் இருக்கும். குழாய்களும் வயர்களும் அதனை மறைத்து நிற்றல் வழக்கம். கண்ணாடியைச் சரித்துப் பிடித்து, பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சினால் எழுத்துக்கள் நிழலோடு எழுந்து தெரியும். ஒயிலும் புழுதியும் சேர்ந்து கல்லாகி இருப்பின், மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். கட்டையிற் புடைத்து நிற்கும் எழுத்துக்கள் வார்க்கும்போது அச்சிலிருந்து வந்தவை. ஒரே அச்சில் வார்த்த கட்டை ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்குப் பயன்படக்கூடுமாதலால், அவற்றை மாத்திரம் கொண்டு முடிவு செய்தல் தவறு. எஞ்சின் இலக்கம் புடைத்து நிற்பதன்று. சீவிய மேடையிலே குழிவாக அடிக்கப்பட்டது. ரொயோட்டாவின் ‘எல்’ வகையில் முதலில் எஞ்சினின் பெயரும், அடுத்து ஒரு சிறு கோடும், அதன்பின் தொடர் இலக்கமும் வரும். ஆகவே வகையையும் அந்த எஞ்சினின் தனி அடையாளத்தையும் ஒரே வரியில் வாசித்துவிடலாம்.

வாசித்ததை நினைவில் வைத்திருக்கலாமென்று எண்ணாதீர்கள். மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலாற் தேய்த்து அச்செடுங்கள். கைத்தொலைபேசியிற் படமும் எடுங்கள். பின்னர் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு ஓரெழுத்தும் விடாமல் ஒப்பிடுங்கள். 3 என்பதை 8 என்றும், 1 என்பதை 7 என்றும் வாசிப்பது எளிது. விரும்பியதை வாசிப்பது அதனிலும் எளிது. ஒருவர் புத்தகத்தை உரத்து வாசிக்க மற்றவர் கட்டையைப் பார்த்துச் சரி சொல்லும் முறையில், பார்ப்பவர் தாம் காதாற் கேட்டதையே கண்ணாற் காண்பார். கட்டையில் உள்ளதை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பின்னரே புத்தகத்தைத் திறவுங்கள்.

எழுத்துக்களின் தோற்றத்தையும் கவனியுங்கள். ஒரே உயரம், ஒரே ஆழம், சீரான இடைவெளி இருத்தல் வேண்டும். ஓரெழுத்து மாத்திரம் சரிந்தோ ஆழமாகவோ இருப்பின், மேடையில் அரத்தின் கீறல்களோ உருக்கி ஒட்டிய தழும்போ காணப்படின், அல்லது எஞ்சின் முழுவதும் அழுக்காயிருக்க அந்த ஓரிடத்திற்கு மாத்திரம் புதிய நிறம் பூசியிருப்பின், விலை எவ்வளவு குறைவாயினும் அவ்வண்டியை விட்டுவிடுங்கள். அழிக்கப்பட்ட இலக்கம் திருட்டுப் பொருளின் அடையாளமாக இருத்தல் கூடும். அதனை வாங்கியவர் பொலிசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டி வரும். வண்டி நீதிமன்ற வளவில் நிற்கையில் உங்கள் மரக்கறி தோட்டத்தில் முற்றிப்போகும். அடிச்சட்ட இலக்கத்தையும் இவ்வாறே பார்த்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் முன்சில்லுக்கு அண்மையிலே சட்டத்தின் வெளிப்புறத்தில் அடிக்கப்பட்டிருக்கும்.

அளந்து அறிதல்

இலக்கம் கறளினால் உண்ணப்பட்டு வாசிக்க முடியாமலும், ஆனால் களவுக்குரிய அடையாளம் எதுவும் இல்லாமலும் இருக்கும் வேளைகளும் உண்டு. ஏற்கெனவே உங்களிடம் உள்ள வண்டியின் எஞ்சினைத் திருத்தக் கழற்றும்போதும் இந்த ஐயம் எழலாம். அப்பொழுது வேணியர் இடுக்கிமானி உண்மையைச் சொல்லும்.

எஞ்சின் தலை கழற்றப்பட்டிருக்கையிற் சிலிண்டர்த் துளையின் விட்டத்தை அளவுங்கள். 2எல் எஞ்சினில் அது 92 மில்லிமீற்றர். பிஸ்ரன் மேலிருந்து கீழே செல்லும் தூரமும் 92 மில்லிமீற்றர். 3எல் எஞ்சினில் இரண்டும் 96 மில்லிமீற்றர். தேய்மானத்தாலும், துளையைக் கடைந்து பெரிய பிஸ்ரன் போட்டதனாலும் விட்டம் சிறிது கூடியிருக்கலாம். ஆனால் ஒரு மில்லிமீற்றர் கடைந்த 2எல் துளையும் 93 மில்லிமீற்றரே ஆகும், 96 ஆகாது. ஆதலால் இவ்விரண்டையும் மயங்குவதற்கு இடமில்லை.

கொள்ளளவை நீங்களே கணக்கிடலாம். விட்டத்தைச் சென்ரிமீற்றரில் எழுதி, அதனை அதனாலேயே பெருக்கி, 0.7854 ஆற் பெருக்கி, பிஸ்ரன் செல்லும் தூரத்தாற் பெருக்கி, முடிவில் சிலிண்டர்களின் தொகையாகிய 4 ஆற் பெருக்குங்கள். 3எல் எஞ்சினுக்கு 9.6 × 9.6 × 0.7854 × 9.6 × 4 என்பது 2779 ஆகும். புத்தகத்திலுள்ள எண்ணும் இதுவே. பாடசாலையிற் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்திற் செய்து தருவார்.

இஸுசு எஞ்சினுக்கு மாத்திரம் விட்டத்தை அளந்து நின்றுவிடக் கூடாது. 4ஜே.ஏ.1, 4ஜே.பி.1 ஆகிய இரண்டினதும் துளை 93 மில்லிமீற்றரே. வேறுபாடு பிஸ்ரன் செல்லும் தூரத்தில் உள்ளது; முன்னையதில் 92, பின்னையதில் 102 மில்லிமீற்றர். சுழல்தண்டை மெல்லத் திருப்பி, பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போதும் அடியில் நிற்கும்போதும் அளந்து கழித்தால் விடை கிடைக்கும்.

பெற்றோல் எஞ்சினிற் பொறிச்செருகியைக் கழற்றி, அத்துளை வழியே நேரான கம்பியை விட்டுத் தூரத்தை அளக்கும் முறையைச் சிலர் அறிவர். 2எல், 3எல், ரீ.டி.27 போன்ற பழைய டீசல் எஞ்சின்களில் இது பலிக்காது. அவற்றில் எரிபொருள் முதலில் ஒரு சிறு பக்க அறையினுள் விசிறப்படுகின்றது. கம்பி அந்த அறையிலே தடைப்பட்டுப் பிஸ்ரனைத் தொடாது. முயன்று கம்பியை உள்ளே முறித்துவிட வேண்டாம்.

மாற்றிய எஞ்சினின் அடையாளங்கள்

இலக்கத்தைப் பாராமலே எஞ்சின் மாற்றப்பட்டதை ஊகிக்கச் சில குறிகள் உண்டு. எஞ்சினைத் தாங்கும் இரும்புக் கைகள் வெட்டி ஒட்டப்பட்டிருத்தல், வயர்கள் இடைநடுவில் நாடா சுற்றி நீட்டப்பட்டிருத்தல், விசிறி ரேடியேற்றருக்கு மிக அருகிலோ தூரத்திலோ நிற்றல், கியர்ப்பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் தனித் தகடு ஒன்று வைத்துப் பூட்டியிருத்தல் என்பன அவற்றுட் சில. இவை நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தால் வண்டி ஆண்டாண்டாக உழைக்கும். நேர்த்தியற்றிருந்தால், நீங்கள் வாங்குவது இன்னும் முடியாத வேலை ஒன்றை.

மாற்றிய எஞ்சினோடு வரும் வண்டியை வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டும், அது இறக்குமதியானதற்கான பத்திரமும் விற்பவரிடம் இருத்தல் வேண்டும். பதிவிற் கண்ட விபரம் மாறினால் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்துவித்துக் கொள்வது பதிவு செய்த உரிமையாளரின் கடமை. ஆகவே புதிய எஞ்சின் இலக்கத்தைப் புத்தகத்தில் ஏற்றுவிக்கும் வேலையை, விற்பவர் தமது பெயரில் வண்டி இருக்கும்போதே முடித்துத் தரட்டும். “நீங்கள் எடுத்த பிறகு மாற்றிக் கொள்ளலாம், அது சின்ன வேலை” என்று அவர் சொன்னால், அந்தச் சின்ன வேலையை அவரே செய்து தரும்வரை முற்பணத்துக்கு மேல் ஒன்றும் கொடாதீர்கள். பத்திரங்கள் அவர் கையில் இருக்கும்போது எளிதாயுள்ள வேலை, அவர் ஊர் மாறிச் சென்றபின் எளிதாயிராது.

வண்டியின் மீது நிதிக் கம்பனிக்குக் கடன் உண்டா என்பதையும் அப்பொழுதே புத்தகத்திற் பாருங்கள். கடன் தீராத வண்டியில் எஞ்சின் விபரத்தையும் உரிமையையும் மாற்றுவதற்கு அக்கம்பனியின் சம்மதமும் வேண்டியிருக்கும்.

வாங்கிய பின்

உரிமை மாற்றத்தை 14 நாட்களுள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். விற்பவர் எம்.ரீ.ஏ. 6 என்னும் படிவத்திலும், வாங்குபவர் எம்.ரீ.ஏ. 8 என்னும் படிவத்திலும் ஒப்பமிடுவர். வெற்றுப் படிவத்தில் ஒப்பம் வாங்கி மேசை இலாச்சியிற் பூட்டி வைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது உங்களை உரிமையாளர் ஆக்காது.

எஞ்சின் எதுவென்று உறுதியானதும் கவனிக்க வேண்டியது ரைமிங் பெல்ற். 2எல், 3எல், 4டி56 ஆகியன வாற்பட்டியால் வால்வுகளை இயக்குவன. பட்டி அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி வளையும். தலையைக் கழற்றாமல் திருத்த முடியாது. கடைசியாக எப்பொழுது மாற்றப்பட்டதென்று விற்பவரால் எழுத்தில் காட்ட முடியாவிட்டால், வண்டியைச் சுமைக்கு விடுமுன் பட்டியை மாற்றிவிடுங்கள். 4டி56 எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் தண்டுகளுக்கென இரண்டாவது சிறு பட்டி ஒன்றும் உண்டு. அது அறுந்து பெரிய பட்டியிற் சிக்கினாலும் கேடு அதுவே. இரண்டையும் சேர்த்து மாற்றுவிக்க வேண்டும். ரீ.டி.27 எஞ்சினில் இந்தக் கவலையில்லை. அதில் இவ்வேலையைப் பற்சில்லுகள் செய்கின்றன.

கட்டையிலிருந்து எடுத்த இலக்கத்தை ஓர் அட்டையில் எழுதி, வண்டியின் பத்திரங்களோடு வைத்திருங்கள். பிஸ்ரன், வளையம், தலைக் கஸ்கெற் முதலியவற்றை வாங்க ஆளனுப்பும்போது, “ஹைலக்ஸ் வண்டிக்கு” என்று சொல்லியனுப்பாமல் அந்த அட்டையைக் கொடுத்தனுப்புங்கள். கடைக்காரர் வண்டியின் ஆண்டைக் கேட்டால், ஆண்டைச் சொல்லுமுன் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.